கவுண்டருக்கு அடியில் ஒரு கைக்குட்டை

வெளியே மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. நூலகக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் மேலே சிரித்த முகமாக இருந்தாள். கீழே யாருக்கும் தெரியாமல் அவள் வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு உழைத்துக்கொண்டிருந்தது. தரையில் கிடக்கும் துண்டைக் கால் விரல்களாலேயே சுருட்டிச் சுருட்டி இழுக்க வேண்டும். உள்ளங்காலின் சின்னத் தசைகள் பலப்பட்டால் தட்டைப் பாதத்து வலி மெல்லக் குறையும் என்று பிசியோதெரபி அக்கா சொல்லியிருந்தார். எட்டு மணி நேரம் நிற்கிறவள் வேறு எப்போதுதான் செய்வாள்?

அப்போதுதான் அவன் வந்தான்... மழைக்கு ஒதுங்கி. தலை துவட்டிய கைக்குட்டை கை நழுவி, கவுண்டரின் அடி இடைவெளிக்குள் போய் விழுந்தது. குனிந்து பார்த்தான். ஐந்து விரல்கள் அதை மும்முரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன!

"ஏங்க... உங்க கால் என் கைக்குட்டையைத் திருடுதுங்க!"

சிரித்தேவிட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பள்ளிக்கூடம் முழுக்க 'வாத்து' என்று கூப்பிட்டவர்களின் சிரிப்பும் இப்படித்தான் இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"குனிஞ்சு பொம்பள காலைப் பாக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

எல்லாத் தலைகளும் திரும்பின. அவன் முகம் செத்துப்போனது. ஒரே ஒரு கணம் அவள் கண்களைப் பார்த்தான்... மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

வெட்கப்பட வேண்டியது அவளல்லவா?

"நல்லவேளை, சமாளிச்சியே! கால் விஷயம் தெரிஞ்சா நாளைக்கு யாருடி உன்னைக் கட்டுவான்?" என்று நடந்ததைக் கேட்ட அம்மா அன்றிரவு வீட்டில் மெச்சினாள். மகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எந்தத் தப்பும் செய்யாத மனுஷன்... ச்சே!

எட்டாம் நாள் வாசலில் சத்தம்.

"உங்களை உள்ள விடக் கூடாதுன்னு ஹெட் லைப்ரேரியன் மேடம் சொல்லிட்டாங்க சார். பொம்பளைங்க வர்ற இடம் பாருங்க" என்றார் வாட்ச்மேன்.

அவன் கூனிக் குறுகித் திரும்பினான். இப்போது விட்டால் இனி வரவே மாட்டான். அந்தக் கெட்ட பெயரோடேயே போய்விடுவான்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

"அவரை விடுங்கண்ணே! தப்பு என்னுது. எனக்குத் தட்டைக் கால். பயிற்சி பண்றப்ப, என் துண்டுன்னு நெனச்சு நான்தான் அவர் கைக்குட்டையை இழுத்தேன். அவமானம் தாங்காம பழியை அவர் மேல போட்டுட்டேன்..."

படிக்கும் கூடம் முழுக்கக் கேட்டது. வாட்ச்மேன் அவள் பாதத்தைப் பார்த்தார். பிறகு அவசரமாக மின்விசிறியைப் பார்த்தார்.

அவன் பக்கம் திரும்பியபோது அவள் குரல் தேய்ந்தது. "அன்னைக்கே நீங்க பதில் சொல்லியிருக்கலாமே?"

"நான் மூக்குக்கண்ணாடிக் கடைல வேலை பாக்கறேங்க. நாள் பூரா கண்ணுங்களோடதான் பொழப்பு. நீங்க திட்டறப்பவே உங்க கண்ணு ரெண்டும் ரொம்பிடுச்சு... அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

"அப்புறம் ஏன் திரும்பி வந்தீங்க?"

"புத்தகம் எடுக்கத்தான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "இல்லங்க, பொய். உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

அவளுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. இந்தத் தடவை அவள் எதையும் மறைக்கவில்லை.

"நானும்... ஒரு வாரமா வாசலையேதான் பாத்துட்டு இருந்தேன். மன்னிப்புக் கேக்க மட்டும் இல்ல."