பெருக்கல் குறி போட்ட பக்கம்

மூலக்குளம் தாண்டியதும் பஸ் போட்ட சடன் பிரேக்கில் ஆரோக்கிய ஜெனிபரின் கையிலிருந்த டப்பா திறந்து, கண்ணாடிச் சில்லு ஈரத் தரையில் விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை. அவள் குனிவதற்குள், ஒரு மாதமாகப் படிக்கட்டருகே நின்றுவரும் அந்த ஆள் அதை விளிம்பில் பிடித்து எடுத்து, சேற்றைத் துணியால் துடைத்தே விட்டான்!

"ஐயையோ... இன்னா பண்ணிட்டீங்க? அறிவிருக்கா உங்களுக்கு?"

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவனுடைய பெரிய கண்கள் ஒருமுறை இமைத்தன... அவ்வளவுதான். சில்லை அவள் கையில் வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் இறங்கிப் போனான். அவன் பையில் மூலக்குளத்து மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர் இருந்தது.

அது வெறும் கண்ணாடியா என்ன? மூன்று மாத ஆராய்ச்சி! துத்தநாக ஆக்சைடு வில்லையை லேசரால் சுட்டு, தெறிக்கும் நுண்துகள்களைச் சில்லின் ஒரு பக்கத்தில் படலமாகப் படிய வைத்திருந்தாள். தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூட வராத தடிமன். துணி பட்டால் தீர்ந்தது. மறுநாள் அளவெடுக்கும் கருவியில் அவள் முறை; தவறினால் இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

பயந்துகொண்டே சோதித்தாள். படலத்தில் ஒரு கீறல்கூட இல்லை!

அதற்குப் பிறகு அவனைப் பஸ்ஸில் காணவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவள், சனிக்கிழமை கடைக்கே போய்விட்டாள்.

"கண்ணு டெஸ்ட்டா?" தலை நிமிராமல் கேட்டான். சட்டையில் அரிகரன் என்ற பெயர் அட்டை.

"இல்ல... மன்னிப்பு கேக்க வந்தேன்." கையோடு கொண்டுவந்த டப்பாவைத் திறந்து காட்டினாள். "பாருங்க, அந்தப் படலத்துக்கு ஒண்ணும் ஆவல. எப்படின்னுதான் புரியல."

"மூலையில பெருக்கல் குறி கீறியிருந்திச்சே, அந்தப் பக்கத்ததான் தொடச்சேன். நாங்களும் கோட்டிங் போட்ட லென்ஸோட பொழங்குறவங்கதான். கோட்டிங் மேல யாருங்க குறி கீறுவாங்க?"

பின்பக்கம் எது என்று தெரிவதற்காக அந்தக் குறியைக் கீறியவளே அவள்தான்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்பவே சொல்லியிருக்கலாமே..."

"அத்தன பேரு முன்னால அப்படிக் கேட்டப்புறம் சொல்லத் தோணல."

"அந்தக் கோவத்துலதான் வில்லியனூர் பஸ்ஸையே விட்டுட்டீங்களா?"

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அது என் பஸ்ஸே இல்லீங்க. எங்க வூடு குருவிநத்தம். நான் போவ வேண்டியது பாகூர் பஸ்."

ஒரு மாதமாகவா?... ஜெனிபர் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" இந்த முறை குரலே எழும்பவில்லை.

"உங்களப் பாத்த நாள்லருந்து இல்லீங்க."

அவள் டப்பாவை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"திங்கக்கெழம வந்துடுங்க. ஒரு வாரமா நானும் அந்தப் படிக்கட்டையேதான் பாத்துகினு போறேன்."