நிற்காத ரம்பம்

"ஸ்பிரிங் தளர்ந்திருக்குன்னு சொல்றேன், நீ என்னடான்னா..."

"தளரலைண்ணே, காலையிலதான் புதுசு மாத்தி..."

"புதுசுன்னா? சந்தைக்காரன் கொடுத்த புதுசுதானே, அவன்..."

"வாயை மூடிட்டு அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் பாரேன்!"

"பாத்துட்டுதான்டா சொல்றேன்!"

இருவரும் ஒரே சமயத்தில் ஓய்ந்தார்கள். என்ஜின் மெதுவாக, தூங்கும் கிழவனைப்போல் புடுபுடுத்துக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் ரம்பத்தின் வாள் நிற்க வேண்டும். அதற்காகத்தான் தம்பி கலிஸ் அலைந்து திரிந்து இந்தக் கிளட்சைக் கொண்டுவந்து மாட்டியிருந்தான். முடுக்கினால் உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து டிரம்மைக் கவ்வும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் வாளுக்கு அசைய வழியே இல்லை. ஆனால் அந்த நீண்ட இரும்பு நாடா, யாரோ விரல் வைத்து நகர்த்துவதுபோல், பல் பல்லாக நகர்ந்துகொண்டிருந்தது.

"உன்னை மாதிரியேதான் உன் மிஷினும்," என்றான் ஓரோஸ்பெக். "வேலை முடிஞ்சாலும் சும்மா உக்காரத் தெரியாது. விடு. உங்க அண்ணி ரொட்டி சுட்டு வச்சிருக்கா, ஆறிடும்."

என்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் தாண்டிப் போனான். போகும்போது ரம்பத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. அதுகூடக் கலிஸுக்கு அப்போது உறைக்கவில்லை.

இலையுதிர் காலம் முழுக்க, அப்பாவின் பழைய ஆட்டுக்கொட்டகையில் இருவரும் சேர்ந்து கட்டிய ரம்பம் அது. உழவு வண்டியின் என்ஜின், மேலும் கீழுமாக இரண்டு தேய்ந்த கார் சக்கரங்கள், கூட்டுப்பண்ணை இடிந்தபோது பொறுக்கி வைத்திருந்த கோண இரும்பில், ரம்பத்தை மரத்தின் மேல் தள்ளிச்செல்லத் தண்டவாளம். கலிஸ் வெல்டிங் வைக்க, அண்ணன் பிடித்துக்கொள்வான். கண் கூசத் தலையைத் திருப்பிக்கொண்டு சொல்வான்: "முதல் மரம் உன் வீட்டுக்குத்தான்டா. கூரை ஏறட்டும், நானே உனக்குப் பொண்ணு பாக்கறேன்." அம்மா போனபிறகு கலிஸுக்குச் சோறும் செருப்பும் கொடுத்து வளர்த்தவன் அவன்தான். போன வாரம் அந்த முதல் மரத்தையும் குதிரை பூட்டித் தனியாகவே இழுத்துவந்து போட்டான். ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத எல்ம் மரம். காற்றில் விழுந்தது என்றான்.

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. கொட்டகைக்குள் பழைய ஆட்டு எருவின் நெடி, டீசல், அவற்றுக்கு மேலே ஈர எல்ம் கட்டையின் புளித்த வாடை. நாய்கள்கூடக் குரைக்காத அந்த நேரத்தில், மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. சர்... சர்... என்று, உறை கிழிவதுபோல்.

என்ஜின் அணைந்துதான் இருந்தது. வாள் நகர்ந்துகொண்டிருந்தது.

கலிஸ் ஸ்பேனரைப் போட்டுத் திருகிப் பெல்ட்டைக் கழற்றினான். இனி என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெல்ட் அவன் கையில் வெதுவெதுப்பாகத் தொங்கியது.

சக்கரம் சுற்றியது.

பின்வாங்கியவனின் இடுப்பு மரக்கட்டையில் இடித்தது. ஊன்றிய கையில் ஏதோ மெத்தென்று பட்டது. பட்டையின் வெடிப்புக்குள் ஒரு நீலத் துணி. பாதியை மரம் விழுங்கிவிட்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று, வெளுத்த சிவப்பு. அப்புறம் இன்னொன்று. விரல் போன இடமெல்லாம் துணி.

அந்தப் பள்ளத்தாக்கில் துணி கட்டிய எல்ம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மசாரின், அந்தப் புனிதர் சமாதியின், ஊற்றுக்கு மேல் நிற்பது. அடுப்பெரிக்க அதிலிருந்து ஒரு சுள்ளி ஒடிக்கக்கூட யாருக்கும் துணிவு வந்ததில்லை.

ஓடினான்.

ஊற்றடியில் மரம் இல்லை. எருவும் மண்ணும் போட்டு மூடிய அடிக்கட்டை மட்டும் இருந்தது. தண்ணீர் ஓடியது, ஆனால் சலசலப்பே இல்லை. நோயுள்ளவர்கள் தங்கள் உடுப்பில் ஒரு கீற்றைக் கிழித்து அங்கே கட்டி, நோயை விட்டுவிட்டுப் போவார்கள். தங்கள் துணியைத்தான் கட்டுவார்கள். இன்னொருவன் துணியைக் கட்டினால், அவனையே எடுத்துக்கொள் என்று ஒப்படைத்ததாக ஆகும். அதனால் யாரும் அப்படிச் செய்வதில்லை.

பக்கத்துக் காட்டுரோஜாப் புதரில் புதிதாக ஒரு கீற்று கட்டியிருந்தது. பச்சைக் கட்டம். வெல்டிங் பொறி பட்டுப் பொத்தலான துணி.

கலிஸின் சட்டை.

அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. அந்த முடிச்சை அவனுக்குத் தெரியும். ஆட்டுக்குட்டியைக் கட்ட அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே கை போட்டது.

திரும்பி வந்தபோது ஓரோஸ்பெக் கொட்டகைக்குள் லாந்தரோடு காத்திருந்தான். வாள் தன்பாட்டுக்கு நகர்ந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஊத்தடிக்குப் போயிட்டு வரேன்."

"தெரியும். ஜன்னல்லேருந்து பாத்தேன்."

"காத்துல விழுந்த மரம்னியே."

"உனக்கு நல்ல மரமா வேணும்னுதான்டா... யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன். அன்னிக்கே எம்பொண்ணு மீரிமுக்குப் பேச்சு நின்னுபோச்சு. கண்ணு மேல சொருகிடுச்சு. கொழந்தை கை ஐஸாட்டம் ஆயிடுச்சுடா. துணியைக் கட்டிட்டு வீட்டு வாசல் மிதிக்கறேன், 'அப்பா, தண்ணி'ங்கறா."

"உன் துணியைக் கட்டியிருக்கலாமே."

ஓரோஸ்பெக் லாந்தர் திரியைத் தேவையில்லாமல் ஏற்றி இறக்கினான்.

"எனக்குப் புள்ளைங்க இருக்குடா. உனக்கு யாரு இருக்கா?"

"நீ இருக்கேன்னு நெனச்சேன்."

அதற்குமேல் அண்ணனின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. ஓரோஸ்பெக் தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி, சின்ன வயதில் செய்வதுபோலவே, தம்பியின் தோளில் போர்த்தி, கழுத்துப் பொத்தானையும் போட்டுவிட்டான். "குளிருது," என்றான். லாந்தரை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

கோட்டின் கதகதப்பில் ஒரு கணம் புரியவே இல்லை. அப்புறம் கதவைத் தோளால் இடித்தான். அசையவில்லை. பனியில் காலடிகள் நொறுநொறுவென்று தள்ளிப்போயின. வீட்டுக் கதவு திறந்தது. ஒரு குழந்தை சிரித்தது. கதவு மூடியது.

இருட்டு.

சர்... சர்...

டக்.

கிளட்சின் கட்டைகள் விரிந்து டிரம்மைக் கவ்வும் சத்தம். குளிர்ந்துபோன என்ஜினுக்குள். பெல்ட் அவன் காலடியில் சுருண்டு கிடந்தது. வாள் பாட ஆரம்பித்தது. முதலில் தாழ்வாக, பிறகு பல்லெல்லாம் கூசும்படி.

ஓடட்டும், என்று நினைத்துக்கொண்டான். எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது இருந்த இடத்தில்தான் ஓடும். தண்டவாளத்தில் அதை நகர்த்த ஆள் வேண்டும். பின்னால் நின்று, கம்பியைப் பிடித்து, இரண்டு கையாலும் தள்ள வேண்டும்.

கிரீச்.

கதவோடு ஒட்டிக்கொண்டான்.

கிரீச்... கிரீச்...

தண்டவாளம் முடியும் இடத்தில்தான் கதவு இருந்தது. மரத்தூள் முகத்தில் ஈரமாகத் தெறித்தது. வாளுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். பாரம் தள்ளுகிறவரின் மூச்சு.

"அண்ணே..." என்றான் கலிஸ். "தள்ளுறது நீதானே? நீதான்னு சொல்லிடு. அது போதும்."