சீட்டில் பாதி, கூண்டில் பாதி

இந்தக் காலத்து ஆட்களிடம் படிப்பு மூட்டை மூட்டையாய் இருக்கிறது; எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கத்தான் தெரியாது. ராஜகீழ்ப்பாக்கம் ஆராய்ச்சிக்கூடத்தில் பதினோரு வருஷமாக எலிக்கூண்டு கழுவும் அரிகிருஷ்ணனின் தீர்மானம் அது.

வெள்ளிக்கிழமை, காலை 8.10. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அறையைத் திறந்தார். ஒரு கூண்டில் ஆறு எலிகளும் செத்து விறைத்துக் கிடந்தன. அடுத்த கூண்டில் ஆறும் தீனி கொறித்துக்கொண்டிருந்தன.

இரண்டும் ஹேமாவதியின் எலிகள். எல்லாவற்றுக்கும் வயிற்றில் புற்று. ஒரு கூண்டுக்கு மட்டும் புற்றுக்குள் ஒரு ஜீனை விட்டு, பிறகு ஊசி போட்டிருந்தாள். அந்த ஜீன் ஊசி மருந்தை விஷமாக்கும். புற்று தன் தலையில் தானே கொள்ளி வைத்துக்கொள்ளும். அரிகிருஷ்ணன் இதை நம்பியதில்லை.

8.40. இயக்குநர் ராஜகோபாலன் அறை.

"செத்த கூண்டுல 'சிகிச்சை'ன்னு சீட்டு இருக்கு. வைத்தியமே பார்க்காதது உயிரோட இருக்கு. மூணு வருஷம் போச்சு, ஹேமா. இத்தோட நிறுத்திக்கலாம்."

ஹேமாவதியின் வேலை போனால் அந்த இடம் அவளோடு ஆராய்ச்சி செய்யும் ஸ்ரீவத்சனுக்கு. அவன் அப்போதுதான் பையோடு வந்து வாசலில் நின்றான்.

"பத்து மணிக்கு எரிக்கற வண்டி வரும் சார். செத்ததை அனுப்பிடலாம்."

"நீங்க கடைசியா எலி ரூமுக்கு எப்போ வந்தீங்க சார்?" என்றார், சேதி சொல்ல வந்து ஓரமாய் நின்றிருந்த அரிகிருஷ்ணன்.

"திங்கட்கிழமை. அப்புறம் ஊருக்குப் போய், இப்பதான் நேரா வர்றேன். உங்களுக்கெதுக்கு? போய் எலிக்கூண்டுக்குச் சந்தனம் பூசுங்க."

அரிகிருஷ்ணன் போனார். 9.35க்கு இரண்டு கூண்டுகளையும் இயக்குநர் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார்.

"செவ்வாக்கிழமை சாயங்காலம், எல்லாரும் போனப்புறம், கழுவி அடுக்கி சந்தனப் பொட்டு வெச்சேன் சார், இந்த வருஷந்தான் மொத தபா. நீங்க திட்டுவீங்கன்னு யாராண்டயும் சொல்லல. சீட்டுல பாதி, கூண்டுல பாதி. மத்த கூண்டுல எல்லாம் பொட்டு முழுசா கீது. இது ரெண்டையும் பாருங்க."

சந்தனம் கோணலாக, ஒன்றோடொன்று சேராமல் இருந்தது. சீட்டுகளை உருவி மாற்றிச் செருகினார். இரண்டு பொட்டும் வட்டமாயின.

"லீவுல யாரோ சீட்ட மாத்திக்கீறாங்க. செத்ததுதான் வைத்தியம் பார்க்காதது."

"யாரு?"

"திங்கட்கிழமையோட போனவரு, இன்னிக்கு உள்ள காலே வெக்கல. செவ்வாக்கிழமை வெச்ச சந்தனம் அவருக்கு எப்படித் தெரியும்?"

ஸ்ரீவத்சன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான்.

"செத்த எலியோட கட்டியில ஜீன் இருக்காது, டெஸ்ட் பண்ணுங்க சார்!" என்றாள் ஹேமாவதி. இயக்குநர் போனை எடுத்து எரிக்கும் வண்டியை வரவேண்டாம் என்றார்.

மாலை 4.20. நடைவழியில் ஹேமாவதி ஓடிவந்தாள். "அண்ணா, செத்ததுல ஜீன் இல்ல! மருந்து வேலை செய்யுது!"

"சரிம்மா. பொழைச்ச ஆறையும் இன்னா பண்ணுவீங்க?"

அவள் தயங்கினாள். "திங்கட்கிழமை… அறுத்துப் பார்க்கணும்ணா."

போன வருஷம் அவர் மனைவி கிளியம்மாள் வயிற்றையும் அறுத்தார்கள். கட்டி போய்விட்டது என்றுதான் சொன்னார்கள். பதினாறாம் நாள் அவளே போய்விட்டாள்.

"பொழைச்சுதாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே, அந்த ஆறுக்கும் தண்ணீர் பிடிக்க நடந்தார் அரிகிருஷ்ணன்.