நலங்கில் மாட்டிய மாப்பிள்ளை

ஹப்சிகுடா கடைத்தெருவில் திடீர் மழை. கடைக் கூரைக்கடியில் ஒதுங்கி நின்ற தியாகுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பக்கத்தில் நின்றவளின் செல்போன் பாடியது...

"பானை வயிறு மாப்பிள்ளே... தியாகு மாப்பிள்ளே...
பந்தி விட்டு எழுந்திரிக்கப் பத்து பேரு வேணுமே!"

அது அவன் அம்மா மங்களத்தின் குரல்! அம்மா பாடி அவன் கேட்டதேயில்லை.

"ஏங்க... பாடறது எங்கம்மா! அந்த தியாகு நான்தான்!"

அவள் திரும்பினாள். இமைகளில் மழைத்துளி... அதிர்ந்து விரிந்த கண்கள் மெல்ல அவன் வயிற்றில் இறங்கின.

"பாட்டு பொய் சொல்லுதே..." சிரித்துவிட்டாள்.

அவள் பெயர் சாஹித்யா. சாஃப்ட்வேர் வேலை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழ்ப் பெண்கள் ஞாயிறுதோறும் கூடி, கல்யாண நலங்குப் பாட்டுகளை ஆளுக்கொரு அடியாக நினைவுபடுத்திப் பாடுகிறார்கள். அவள் பதிவு செய்கிறாள்.

"முதல்ல அதை அழிங்க."

"நான் யாருங்க அழிக்க? எதை வைக்கணும்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. ஞாயித்துக்கிழமை வந்து கேளுங்க."

கோபமாகத்தான் போனான். பெண்கள் நடுவே கைதட்டிப் பாடிக்கொண்டிருந்த அம்மாவைக் கண்டு வாசலிலேயே உறைந்தான். இப்படிச் சிரிப்பாளா அம்மா?

"என் பேரை ரோட்டுல கேட்டேன்மா... மானம் போச்சு!"

பாட்டு நின்றது. அம்மாவின் முகம் வாடியது.

"கைக்கு டா... எதுக்குடா இவ்ளோ கோபம்? உன் கல்யாணத்துல பாட வெச்சிருந்தேன். நீ எப்போ பண்ணிக்கிட்டாலும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போதும்னுட்டே... அதான் இங்க பாடினேன். பேர் உன்னுது. வேணாம்னா அழிச்சுடலாம்."

மற்றவர்களும் தலையசைத்தார்கள். சாஹித்யா போனை எடுத்தாள். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பில்லை... அவனுக்குப் பகீரென்றது. என்ன காரியம் செய்யப் போனேன்!

"இருங்க! இதுக்கு மாப்பிள்ளை வீட்டுல பதில் பாடுவாங்கல்ல?"

"ஹவ்... ஆமா, பாடணுமே," என்றாள் அம்மா, குழம்பிப்போய்.

சாஹித்யா பதிவை ஓடவிட்டாள். தியாகு கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

"பந்தி விட்டு எழுந்திடுவேன், பத்து பேரு வேணாமே...
சாஹித்யா கை கொடுத்தால் சட்டுனு எழுந்திடுவேன்!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விளையாட்டுக்கா..?" என்றாள் சாஹித்யா.

"இல்லீங்க. மழையில பார்த்ததுலேர்ந்து... வேற நினைப்பே இல்லை. உங்களைப் பிடிச்சிருக்கு."

அம்மா மெல்ல அவள் தோளைத் தொட்டாள். "இதுல உன் பேர் இருக்கும்மா. நீதான் சொல்லணும். வைக்கவா... அழிக்கவா?"

சாஹித்யா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நக்கோ மா... வேணாம், அழிக்க விடமாட்டேன்."