ஆறாவது பெயர்

ஒரு வருடமாக வாய் திறக்காத கிழவர் அன்று மத்தியானம் பேசினார்.

தெற்கு இத்தாலியில், ஒரேத்தோப் பகுதியின் அந்த நாலாம் மாடி வீட்டைச் சூட்டுக்காற்று காலையிலிருந்தே சுற்றிச் சீறிக்கொண்டிருந்தது. சாத்திய யன்னல்களின் இடுக்கு வழியே புழுதியும், கீழ்வீட்டில் மீன் பொரிக்கும் வாசமும் நுழைந்து வெளியேற வழியின்றித் தேங்கி நின்றன. கழுவிய தட்டோடு ஓடிவந்தாள் தர்சனா. அவள் பராமரிக்கும் எத்தோரேவுக்கு வயது தொண்ணூற்றெட்டு. சக்கர நாற்காலியில், பூட்டிய பின்னறைக் கதவைப் பார்த்தபடி இருந்தார்.

"லூக்கா பெர்த்தி," என்று ஒரு பெயரை வாசித்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் மெல்லச் சொன்னது: "பிரசென்தே."

'இருக்கிறேன்' என்று அர்த்தம்.

தர்சனா அவருடைய மகள் மொனிகாவுக்குப் போன் எடுத்து, கேட்டதைச் சொன்னாள்.

"பெயர் வாசிக்கிறாரா?" மொனிகா கேட்டாள். "இரண்டாம் உலக யுத்தத்தில் அப்பா வடக்கே இருந்தவர். ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த ஊர். அவர்களுக்குக் கீழே பாசிசக் கட்சி. பதினேழு வயதில் கட்சிக்காரர் அப்பாவின் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பதில் சொன்ன ஐந்து பேரையும் லொறியில் ஏற்றினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. நான் வருகிறேன். கதவைத் திறக்காதே."

இரண்டாவது பெயர். பதில் வந்தது. மூன்றாவது பெயருக்கு ஒரு பெண் பதில் சொன்னாள். நனைந்த கம்பளியும் லொறிப் புகையும் மணத்தன. ஒவ்வொரு குரலும் கதவை இன்னும் நெருங்கியது. நான்கு. ஐந்து.

ஐந்தோடு முடிந்தது. தர்சனா மூச்சு விட்டாள்.

"உமாசுதன்."

அவளுடைய தம்பி. ஊரில் யுத்தம் முடிந்த கையோடு, வவுனியா முகாமில் இராணுவம் பெயர் கூப்பிட, "ஓம்" என்று எழுந்து போய்த் திரும்பாதவன். இந்த வீட்டில் அவள் ஒருநாளும் சொல்லாத பெயர்.

"ஐயோ, வேண்டாம்!" பாய்ந்து கிழவரின் வாயைப் பொத்தினாள். உதடுகள் குளிர்ந்திருந்தன. மூச்சில்லை.

அசையாத அந்த உதடுகளிலிருந்து பெயர் மறுபடியும் கேட்டது.

"ஓம்," என்றது கதவின் பின்னால் ஒரு குரல். "இஞ்சைதான் நிக்கிறன், அக்கா."

அவன்தான். அவனேதான்.

மொனிகா சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் சாவியைத் திருப்பினாள்.

இருட்டு. சுவரைப் பார்த்தபடி ஆறு பேர். பின்னால் கட்டிய கைகள். யாரும் திரும்பவில்லை. கடைசியில் நின்றவனின் விரல்கள் மட்டும் அவளைப் பார்த்துத் துடித்தன. போ. போ.

அவனுக்குப் பக்கத்தில் ஓராள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.