ஏழாம் நிமிடத்து மேடு

சோதனைக் கருவியின் தண்ணீர் பாட்டிலுக்குள் கிடந்த மெல்லிய குழாயை அவள் இழுத்தாள். வரவில்லை. அடியில் எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் வலுவாக இழுத்ததும், நுனியில் இருந்த வடிகட்டியோடு சேர்ந்து வெளுத்த, கொழகொழவென்ற ஒரு நூல் நீண்டு வந்து, கையுறையில் ஒட்டி, மெல்லச் சுருங்கியது. பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம் மூக்கில் ஏறியது. சீ, என்ன கண்றாவி இது. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

தப்பு அவளுடையதுதான். பழைய தண்ணீரைக் கொட்டிக் கழுவாமல் மேலே மேலே ஊற்றக் கூடாது என்பது மருந்து ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே சொல்லித்தருவது. மகளுக்கு இருமல், இரவெல்லாம் தூக்கமில்லை. மூன்று வாரமாக ஏனோதானோவென்று அதைத்தான் செய்திருந்தாள்.

மருந்தில் கலந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் திரையில் ஒரு மேடாக வரைந்து காட்டும் கருவி அது. வெறும் தண்ணீரைச் செலுத்தினால் கோடு நேராகப் போக வேண்டும். ஆனால் போன வாரம் ஏழாம் நிமிடத்தில் ஒரு மேடு எழுந்தது. இருமல் மருந்தைச் செலுத்தினாலும் அதே மேடு.

"மெஷின் அழுக்குதானே, அதை விட்டுட்டு மத்ததைப் பாருங்க. சரக்கு வெளிய போகணும்," என்றார் மேலாளர்.

அவளும் மேட்டை அழித்துவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சரக்கில் ஒரு பாட்டிலை மகளுக்காக வீட்டுக்கும் கொண்டுபோனாள்.

இன்று விடுவதாக இல்லை. குழாய்களை அலசினாள். வடிகட்டியை மாற்றினாள். இதுவரை ஊற்றிவந்த, மருந்து காய்ச்சவும் எடுக்கும் ஆலைத் தண்ணீரைத் தொடாமல், வெளியில் வாங்கிய சுத்த நீர் பாட்டிலின் மூடியை உடைத்து ஊற்றி ஓடவிட்டாள். பம்ப் சீராக டிக், டிக் என்றது. ஏழாம் நிமிடம் வந்தது. கோடு நேராகப் போனது. அப்பாடா. கருவி இவ்வளவு நன்றாக ஓடி அவள் பார்த்ததே இல்லை.

அடுத்து மருந்தைச் செலுத்தினாள்.

ஐந்து. ஆறு. ஏழு.

மேடு எழுந்தது. திரையின் விளிம்பை முட்டியது.

அழுக்கு கருவியில் மட்டும் இல்லை. மருந்திலும் இருந்தது.

வீடியோவில் கணவனை அழைத்தாள்.

"அந்த மருந்தைக் குடுக்காதீங்க. கீழ ஊத்திடுங்க."

"ஏன்? இருமல் நின்னே போச்சு. இப்ப அவளே கேட்டு வாங்கிக் குடிக்கிறா. காலையில மூடியை நக்கிட்டிருந்தா," என்று சிரித்தான். "உங்க கம்பெனிக்கு இதைவிட என்ன விளம்பரம் வேணும்?"

"போனை அவகிட்ட குடுங்க. குட்டி, அம்மாவுக்கு வாயைக் காட்டு. ஆ சொல்லு."

குழந்தை வாயைத் திறந்தாள். நாக்கின்மேல் வெளுத்த நூல் ஒன்று கிடந்தது. வெளிச்சம் பட்டதும் அது மெல்லச் சுருங்கி, தொண்டைக்குள் இறங்கியது.

"இன்னும் குடும்மா."

மகளின் குரல்தான். வாய் திறந்தபடியே இருந்தது. நாக்கு அசையவில்லை.