மூன்றாம் சரணம்

போலந்திலிருந்து வந்திருந்த மூன்று பெண்களில் மூத்தவள் குவளையை மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பாட்டுக்குள் திரும்பத் திரும்ப ஒரு சொல் வருகிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அவர்களைத் தெலாவி நகரத்திலிருந்து வண்டியில் கூட்டி வந்த வழிகாட்டி மாகாவுக்கு, அந்தக் கேள்வியை வீட்டுக்காரியிடம் சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, உங்க பேருக்குத்தான் அர்த்தம் கேக்குறாங்க. நதேலான்னா என்னன்னு. வெளிச்சம்னு சொல்லிட்டேன்."

"எந்தப் பாட்டுல?"

"நீங்க போட்டு விடுவீங்களே, தரைக்கு அடியிலருந்து வர்ற பாட்டு. அதுல."

நதேலா கூஜாவைக் கீழே வைத்தாள். அவள் எந்தப் பாட்டும் போடுவதில்லை. கணவன் ஓதார் போன பிறகு அந்த வீட்டில் ரேடியோகூடக் கிடையாது. வந்தவர்களுக்கோ அவள் பேரே தெரியாது. மாகா எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தட்டில் கிடந்த வால்நட் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றாள்.

கூடம் ஒன்றுதான். வாசல் பக்கம் நீள மேசை, பெஞ்சுகள், ரொட்டி, வெண்ணெய்க்கட்டி, ருசி பார்க்க ஊற்றி வைத்த அம்பர் நிற ஒயின். பத்தடி தள்ளி மண்தரை தொடங்கும்; அங்கே ஒயின் புளிக்க வைக்கும் ஏழு பெரிய தாழிகள் கழுத்து வரை மண்ணில் புதைந்து, வாய் மட்டும் தரையோடு தரையாகத் தெரியும். ஆறு தாழிகளின் வாயில் மரமூடி. ஏழாவதின் வாயில் கல் வைத்து, சுற்றிலும் களிமண் பூசியிருந்தது. பிற்பகல் வெயில் சன்னல் வழியாக வந்து ஆறாவது மூடி வரைக்கும் எட்டும். ஈரமண், பழைய மெழுகு, புளித்த திராட்சைத் தோல், அதற்கெல்லாம் கீழே செர்ரிப் பட்டையின் கசப்பு வாசனை. இரண்டு வருஷமாக அவள் தாழி கழுவும் அந்தப் பட்டைத் துடைப்பத்தைத் தொட்டதே இல்லை, இருந்தும் அந்த வாசனை போனபாடில்லை.

அறுவடைக்கு முன் தாழி கழுவ வேண்டும். ஏணி போட்டு ஆள் உள்ளே இறங்கியதும், இடம் போதாது என்று ஏணியை மேலே எடுத்துவிட்டு, பட்டைத் துடைப்பத்தால் சுவரைத் தேய்த்து எடுக்க வேண்டும். அடியில் வண்டலோடு கெட்ட காற்று தங்கியிருக்கும். வாசனை கிடையாது, ஒன்றும் கிடையாது, ஆளை மட்டும் சாய்த்துவிடும். அதனால் இறங்குகிறவர் பாடிக்கொண்டே இருப்பார். மேலே இருப்பவர் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் "இங்கதான் இருக்கேன்" என்று குரல் கொடுப்பார். பாட்டு நின்றால் உடனே தூக்கிவிட வேண்டும். ஓதார் இறங்கும்போதெல்லாம் அவளைச் சீண்டுவார். நீ குரல் கொடுக்கலன்னா மேல நீதான் செத்துட்டேன்னு நெனச்சுக்குவேன், வேற பொண்ணு பாத்துக்குவேன் என்பார். ஏணி வேணும்னா என்னைத்தானே கூப்பிடணும், கூப்பிட்டுப் பாருங்க என்பாள் இவள்.

இரண்டு வருஷத்துக்கு முன், அன்றைக்கு ஓதார் ஏழாவது தாழியில் இருந்தார். குத்தாயிசி ஊரிலிருந்து ஆறு ஆண்கள், கல்யாணத்துக்கு ஒயின் வாங்க வேண்டியவர்கள், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார்கள். வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைக்க முடியுமா? நதேலா மேசைக்குப் போய் ஊற்றிக் கொடுத்தாள். கீழேயிருந்து பாட்டு வந்தது. பாட்டு காதில் விழுந்தால் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறவன் அந்த நாட்டில் பிறக்கவில்லை. ஒருவன் மேல்குரல் எடுத்தான், மற்றவர்கள் அடிக்குரலைப் பிடித்துக்கொண்டார்கள். தரைக்கு மேலே ஆறு குரல், கீழே ஒரு குரல், எல்லாம் ஒரே பாட்டு. அவ்வளவு அழகாக இருந்தது. நதேலா கைதட்டினாள். சரணம் முடிய முடிய, மேசையைப் பார்த்தபடியே "இங்கதான் இருக்கேன்" என்றாள். ஐந்து சரணமும் முடிந்து அவர்கள் குவளையைத் தூக்கியபோதுதான், ஏழாவது குரல் எப்போது நின்றது என்று தனக்குத் தெரியவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

டாக்டர் நல்ல மனுஷர். அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதும்மா, தூங்குற மாதிரிதான், கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது என்று சொன்னார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தாள். காலையில் எழுந்ததும் அதை ஒருமுறை சொல்லிக்கொள்வாள். கூப்பிடவில்லை. கூப்பிடக்கூட நேரமில்லை.

ஓதாரின் அண்ணன் ஷல்வா அந்தத் தாழியை மண் போட்டுத் தூர்த்துவிடலாம் என்றார். "வேணாம் மச்சான், கல்லு மட்டும் வைங்க" என்று இவள்தான் மறித்தாள்.

மாகா வருகைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். வந்தவர்கள் வெளிநாட்டு மொழிகளில் எழுதி வைத்துவிட்டுப் போவதை நதேலாவால் படிக்க முடியாது. மாகாவும் விருந்தாளிகளை உட்கார வைத்ததும் டிரைவரோடு சிகரெட் பிடிக்க வெளியே போய்விடுவாள். விருந்தாளிகள் பாட்டைப் பற்றிச் சொன்னால், ஏதோ டேப் ஓடுகிறது என்றுதான் அவளும் இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். இப்போது ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். ஏப்ரலில் ஒரு ஜெர்மன் தம்பதி: ஒயின் அருமை, நிலத்தடிப் பாட்டு அதைவிட அருமை. ஜூனில் ஒரு ஜப்பான்காரர்: பாடகர் மூன்றாம் சரணத்தில் அழுகிறாரா? ஆகஸ்டில் ஒரு சின்னப் பெண், கோணல் எழுத்தில்: அந்த மாமாவை ஏன் வெளியே விடவில்லை?

மாகாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"இப்ப கேக்குதான்னு கேளு" என்றாள் நதேலா.

மூத்தவள் தலையாட்டினாள். விரலால் தரையைக் காட்டினாள்.

நதேலாவும் கேட்டுப் பார்த்தாள். சன்னலில் ஒரு குளவி. வெளியே திராட்சைப் பெட்டிகளை இறக்கும் சத்தம். தரைக்கு அடியில் ஒன்றுமில்லை. ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கேட்கிறது, கூட வாழ்ந்தவளுக்குக் கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூன்றாம் சரணத்தில் என்ன கேட்கிறதோ அதை அப்படியே எழுதித் தரச் சொன்னாள். பாஷை தெரியாவிட்டால் என்ன, காதில் விழுகிற சத்தத்தை எழுதினால் போதும். மூத்தவள் காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு காகிதத்தில் தன் எழுத்தில் மெல்ல எழுதினாள். மாகா அதை வாங்கி, எழுத்துக் கூட்டி, பாதி வாய்விட்டுப் படித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"அர்த்தமில்லாம ஏதோ எழுதியிருக்காங்க, அக்கா."

"படி."

"வேணாங்க்கா."

"மாகா. படி."

மாகா காகிதத்தைப் பார்த்தபடியே படித்தாள். "நதேலா, மூச்சு முட்டுது. நதேலா, ஏணியப் போடு. நதேலா, நீ அங்க இருக்கியா?"

அதற்குப் பிறகு நதேலாவை யாராலும் தடுக்க முடியவில்லை. கடப்பாரையால் களிமண்ணை உடைத்தாள். கல்லை நகர்த்தினாள். மாகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஷல்வா அண்ணன் தோட்டத்திலருந்து வரட்டும் என்று கெஞ்சிப் பார்த்தாள். நதேலா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மனுஷன் கூப்பிட்டாரா இல்லையா, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். மேலே நின்று கேட்டால் கேட்கவில்லை. அவர் நின்ற இடத்தில் நின்றால் கேட்கும்.

மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். அடி வரைக்கும் போய், ஆடாமல் அசையாமல் எரிந்தது. கெட்ட காற்று இல்லை.

"நான் பாடிக்கிட்டே இருப்பேன். நீ பதில் சொல்லணும். இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

"நகர மாட்டேங்க்கா."

ஏணியில் கால் வைத்தாள். தாழியின் கழுத்து இடுப்பை உரசியது, பிறகு தோளை, பிறகு அகன்று அவளை உள்ளே விட்டுக்கொண்டது. சுவரில் பூசிய தேன்மெழுகு கையில் பிசுபிசுத்தது. கிணற்றுக் குளிர். இரண்டு வருஷம் மூடிக் கிடந்த தாழிக்குள் செர்ரிப் பட்டை வாசனை இப்போதுதான் தேய்த்த மாதிரி ஈரமாக அடித்தது, கீழே காலில் பட்ட மண்ணும் ஈரமாகவே இருந்தது, தலைக்கு மேலே வாய் ஒரு தட்டளவு வெளிச்சமாகச் சுருங்கியிருந்தது. அந்தத் தட்டின் விளிம்பில் மாகாவின் முகம் தெரிந்தது.

நதேலா முதல் சரணத்தைப் பாடினாள். இத்தனை நாள் கழித்துத் தன் பாட்டுக் குரல் தனக்கே யாருடையதோ போல இருந்தது. தாழி அந்தக் குரலை வாங்கி, சுற்றிச் சுற்றி உருட்டி, மேலே அனுப்பியது.

"இங்கதான் இருக்கேன்" என்றாள் மாகா. குரல் நடுங்கியது.

இரண்டாம் சரணம். பாதியில் மேலே ஒருவன் கூடச் சேர்ந்துகொண்டான்.

ஆண் குரல். கொஞ்சம் இருமல் கலந்த குரல். பிறகு இன்னொன்று, அடிக்குரலில். பிறகு இன்னும் நான்கு. மேசையில் மூன்று பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு இந்தப் பாட்டு ஒரு வரியும் தெரியாது. குவளைகள் இடிபட்டன. பெஞ்சு கிறீச்சிட்டது. இருமினவன் இருமினான். அவனை அவளுக்குத் தெரியும். சவ அடக்கத்தில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதவன்.

அவள் பாடுவதை நிறுத்தினாள்.

பாட்டு நிற்கவில்லை.

"இங்கதான் இருக்கேன்" என்று மேலிருந்து பதில் வந்தது. நடுங்காத குரல். சிரிப்பு கலந்த குரல்.

அண்ணாந்து பார்த்தாள். வட்டத்தில் மாகா இல்லை. "மாகா" என்று கத்தினாள். கத்தின சத்தம் பாட்டோடு பாட்டாக மேலே போய்க் கலந்துவிட்டது. ஏணிக்குக் கை நீட்டினாள். மெழுகுச் சுவர். இந்தப் பக்கம் நீட்டினாள். சுவர். மெழுகுவர்த்தி அணைந்தது. புகை வாசனைகூட வரவில்லை. மூச்சை இழுத்தாள். நெஞ்சு ஏறியது, உள்ளே ஒன்றும் வரவில்லை.

முதுகில் ஈரச் சட்டை பட்டது.

அந்த இடத்தில் இரண்டு பேர் நிற்க முடியாது. நின்றார்கள். அவள் காதோரமாக ஒருவர் திணறித் திணறி மூச்சு வாங்கினார். வியர்வை, செர்ரிப் பட்டை, காலையில் தின்ற வெங்காயம். பதினெட்டு வருஷம் பக்கத்தில் படுத்த மூச்சு அது. அவளுக்குப் பயமும் வந்தது, அதைவிட ஆசை வந்தது. இருட்டில் கையை வளைத்து அவர் முகத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. நனைந்திருந்தது.

"நதேலா" என்றார் ஓதார்.

"இங்கதான் இருக்கேன்" என்றாள். எத்தனை நாள் சொல்லக் காத்திருந்த வார்த்தை. "இந்தா, உங்க பக்கத்துலயே இருக்கேன். நான் வந்துட்டேன்ங்க."

அவருக்குக் கேட்கவில்லை. அவள் கைக்குள் இருந்த முகம் அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

"நதேலா, மூச்சு முட்டுது. ஏணியப் போடு. நதேலா, நீ அங்க இருக்கியா?"

பாட்டின் மெட்டிலேயே கூப்பிட்டார். மெட்டை விடவே இல்லை. மெட்டோடு வந்தால்தான் அவளுக்குக் கேட்கும் என்று நினைத்திருக்கிறார். ஒவ்வொரு கூப்பாட்டையும் மேலேயிருந்த ஆறு குரல்கள் அப்படியே தூக்கி, அழகாக மூடிவிட்டன. அவர் நகங்கள் சுவரில் கீறின. அவளும் அவர் கூடச் சேர்ந்து கீறினாள். அவளும் கத்தினாள். கத்த மூச்சில்லை.

வட்டத்தின் விளிம்பில் ஒரு பச்சை கவுன் வந்து நின்றது. அவர் இறந்த அன்றைக்கு நதேலா உடுத்தியிருந்து, அடக்கத்துக்கு மறுநாள் தன் கையாலேயே அடுப்பில் போட்டு எரித்த கவுன். இடுப்பில் கூஜா. கைதட்டிச் சிவந்த கைகள். அந்தப் பெண் மேசையைப் பார்த்து எதற்கோ சிரித்தாள், கால் தாளம் போட்டது, தாளத்தில் கொஞ்சம் மண் உதிர்ந்து ஓதாரின் கண்ணில் விழுந்தது. அவர் கண்ணை மூடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது குனிவாள், இப்போது குனிவாள் என்று.

அவள் குனியவில்லை. அவ்வளவு பாசமாக, அவ்வளவு சந்தோஷமாக, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"இங்கதான் இருக்கேன். நீங்க பாடுங்க."